வட்டத்தில் கேட்கக் கூடாத கேள்வி

உங்கள் வீட்டில் ஒரு பொருள் உடைகிறது. உடைத்தது யாரென்று தெரிவதற்கு முன்பே உங்கள் கண் யாரைத் தேடிப் போகிறது? மகனையா, மகளையா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். “எங்கள் வீட்டில் அந்த வேறுபாடெல்லாம் இல்லை” என்று உதடு முந்திக்கொள்ளும். உதட்டை நம்பாதீர்கள். கடைசியாக உடைந்த பொருளை நினைத்துப் பாருங்கள்.

ஜென்சிக்கு இந்தச் சந்தேகம் எட்டு வயதிலேயே வந்துவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் ஏதேன் தோட்டத்துக் கதை நடந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து கேட்டாள்: “ஏவாள் பழத்தைக் குடுத்தவ, சரி. ஆதாம் ஏன் வாங்கினவர்? வேண்டாம் எண்டு சொல்ல அவருக்கு வாய் இல்லையோ?” வகுப்பு சிரித்தது. ஆசிரியை அவளை வெளியே நிற்க வைத்தார். பதில் இல்லாத இடத்தில்தான் கேட்டவரை வெளியே அனுப்புவார்கள் என்பதை ஜென்சி அந்த வாசலில் நின்றுதான் படித்தாள்.

மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். இப்போது கனடாவில், மொன்றியல்-நோரில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. அப்பா மரியதாசன் துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். அம்மா பிரியந்தி ‘கார்டெரி’ என்னும் குழந்தைகள் காப்பகமொன்றில் ஊரார் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவர். ஜென்சிக்கு இப்போது பதினேழு வயது. மொன்றியல் தீவின் மறுமுனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் கல்லூரிக்கு பஸ், மெட்ரோ, மறுபடி பஸ் என்று போய்வருகிறாள். “பக்கத்தில இருக்கிற கல்லூரியெல்லாம் உனக்கு முள்ளுக் குத்துதோ?” என்று அப்பா கேட்பார். பஸ்ஸில் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள், நிம்மதியாகப் படிக்கலாம் என்பதுதான் அவள் சொல்லாத காரணம்.

வியாழன் மாலைகளில் மட்டும் அவள் நேரே வீட்டுக்கு வருவதில்லை. சமூக நிலையத்தின் கீழ்த்தளத்தில் கூடும் ‘இளையோர் வட்டத்துக்கு’ப் போய்விடுவாள்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் செய்யும் சின்னக் குற்றங்கள், கடையில் எடுத்தது, சுவரில் கிறுக்கியது, கண்ணாடி உடைத்தது போன்றவை, சில சமயம் நீதிமன்றத்துக்குப் போகாமல் அங்கே வரும். அங்கே நீதிபதி கிடையாது. கேட்கிறவர்களும் அதே வயதுப் பிள்ளைகள்தான். தண்டனை கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. யாருக்கு வலித்தது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். ஒப்புக்கொண்டதைச் செய்துமுடித்தால் கோப்பு மூடப்படும். பெயரில் குற்றப் பதிவு விழாது.

வட்டம் என்றால் உண்மையிலேயே வட்டம்தான். மேசை இல்லை, நாற்காலிகள் மட்டும். உள்ளே வரும் எல்லோரும் கைபேசியைப் பழைய பிஸ்கட் தகரமொன்றுக்குள் போட வேண்டும். பெற்றோர் பின்வரிசையில் இருக்கலாம், பேசக் கூடாது. பிள்ளைக்காக வேறு யாரும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. இன்னொரு கண்டிப்பான விதி: “நீதான் செய்தாயா?” என்று கேட்கக் கூடாது. செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் மட்டும்தான் அங்கே வர முடியும் என்பதால், அந்தக் கேள்வி முடிந்துபோன கேள்வி. அதைத் திரும்பக் கிளறினால் வட்டம் விசாரணைக் கூடமாகிவிடும் என்று பொறுப்பாளர் சில்வி புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் சொல்வார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஊரார் பிள்ளையளின்ர களவுக் கதை கேட்கிறதில உனக்கு என்ன அவ்வளவு அவா? கோயில்ல பாட ஆளில்லையெண்டு ஃபாதர் கவலைப்படுறார்.”

“அங்க பாட வேணும் அம்மா. இங்க கேட்டுக்கொண்டிருந்தாக் காணும்.”

“உனக்கு ரெண்டும் வராது,” என்பார் அம்மா. அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: “நீதவான் அம்மா வந்திட்டாவோ? எழும்பி நிண்டு சோத்தைப் போடுங்கோ!”

செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை. அன்று வட்டத்தை நடத்தும் முறை ஜென்சியுடையது. அவளுடன் அல்ஜீரியப் பெண் நெஸ்ரினும் ஹெயிட்டிப் பையன் வித்லினும் இருந்தார்கள். சில்வி வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்திருந்தார். எதிரே தனுஷிகா, பதினைந்து வயது. கைகளை முழங்காலில் வைத்து, பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல் இருந்தாள். பின்னால் அவளுடைய அம்மா யோகமலர். மட்டக்களப்பிலிருந்து சில வருடங்களுக்கு முன் வந்தவர்கள். ஜென்சிக்கு அவர்களை முன்பின் தெரியாது. தெரிந்திருந்தால் விதிப்படி அவள் எழுந்து போயிருக்க வேண்டும்.

யோகமலருக்கோ ஜென்சியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “தமிழ்ப் புள்ளயா மனே?” என்று மட்டக்களப்புச் செல்லத்தோடு வாசலிலேயே கேட்டார். ஜென்சி “ஓம் அன்ரி” என்றாள். அந்த ஒரு சொல்லில் யோகமலரின் தோள்கள் இரண்டு விரற்கடை கீழே இறங்கியதை அவள் கவனித்தாள்.

தனுஷிகா பிரெஞ்சில் தொடங்கினாள். ஜூன் மாதம், நூலக வாசலில், பூட்டாமல் நின்ற சைக்கிளை எடுத்தேன். அதில் ஏறி ஓடிக்கொண்டு போனேன். விழுந்தேன். முன்சில்லு வளைந்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மறைத்து வைத்தேன். பொலிஸ் வந்தபோது ஒப்புக்கொண்டேன். மன்னிக்க வேண்டும். ஒரு சொல் தடுக்கவில்லை, ஒரு சொல் நடுங்கவில்லை. மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஜென்சிக்குப் புதிதல்ல. பயத்தில் எல்லோரும்தான் மனப்பாடம் செய்வார்கள்.

சைக்கிளின் சொந்தக்காரி மதாம் ரோஸ்லீன் அடுத்ததாகப் பேசினார். வயோதிபர் இல்லமொன்றில் விடியற்காலை வேலை. அந்த நேரத்துக்கு ஒழுங்கான பஸ் இல்லை. கோடை முழுவதும் நடந்து போயிருக்கிறார். “எனக்குக் காசு வேண்டாம்,” என்றார். “என் சைக்கிள் முன்பு ஓடியமாதிரி ஓட வேண்டும். அதை எடுத்தவரே கொண்டுவந்து தர வேண்டும். அவ்வளவுதான்.”

நெஸ்ரினுக்கு உடனே யோசனை வந்தது. நிலையத்தின் பின்பக்கம் ஒரு சைக்கிள் பட்டறை இருக்கிறது. தனுஷிகா அங்கே சனிக்கிழமைகளில் வந்து, சொல்லிக் கொடுப்பவரோடு சேர்ந்து சில்லைச் சரிசெய்யட்டும். சரியானதும் அதில் ஏறி, தானே மதாமின் வீடுவரை ஓடிக்கொண்டு போய்க் கொடுக்கட்டும். வித்லின் கைதட்டினான். மதாம்கூடச் சிரித்தார். இவ்வளவு அழகான முடிவு வட்டத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

“உனக்குச் சம்மதமா?” என்று ஜென்சி கேட்டாள்.

தனுஷிகாவின் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாக ஏதோ அசைந்தது. திரும்பித் தாயைப் பார்த்துத் தமிழில் மெல்லச் சொன்னாள்: “அம்மா, எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதே.”

“உஷ்! ஓம் எண்டு சொல்லு மனே. பேந்து அண்ணா பழக்குவான்.”

“இந்தப் புள்ள கேட்டிட்டு இருக்கிறா.”

“கேட்டா என்ன? தமிழ்ப் புள்ளதானே. ஒண்டும் சொல்லாது.” யோகமலர் ஜென்சியைப் பார்த்து, கல்யாண வீட்டில் சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல் சிரித்தார்.

சைக்கிள் ஓடத் தெரியாத ஒருத்தி சைக்கிளை எப்படி ஓடிக்கொண்டு போனாள்? தமிழ் தெரியாத மற்றவர்கள் ஜென்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என்ன சொன்னாள்?” என்று வித்லின் கேட்டான். ஜென்சி, “கொஞ்சம் இடைவேளை எடுப்போம்” என்றாள்.

நடைபாதையில் யோகமலர் அவளைத் தேடி வந்தார். வெளியே காரில் காத்திருந்த மூத்த மகன் டிலானும், கையில் கோப்பியோடு உள்ளே வந்தான். பத்தொன்பது வயது, உயரமானவன். தாய் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய விஷயமாகவே அது அவருக்குத் தெரியவில்லை. சைக்கிளை எடுத்தவன் டிலான். சிநேகிதர்களோடு சேர்ந்த விளையாட்டு. பொலிஸ் கதவைத் தட்டியபோது அவன் வீட்டில் இல்லை. தாய் மகளைப் பார்த்தார். மகள் “நான்தான்” என்றாள்.

“அவனுக்குப் பதினெட்டுத் தாண்டிட்டு மனே. இவன்ட பேரில பதிஞ்சா எங்கட பேப்பர் எல்லாம் குழம்பிடும், திருப்பி அனுப்பிடுவானுகள் எண்டு கோயில்ல ஒருத்தர் சொன்னவர். இவள் சின்னவள். இவள்ட பேரில ஒண்டும் பதியாதாம்.”

“லோயர் ஆரையாவது கேட்டீங்களா அன்ரி?”

“லோயரிட்டப் போனா ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரும்.”

“தனுஷிகாவைக் கேட்டீங்களா?”

“என்னத்தை?”

“இதுக்குச் சம்மதமோ எண்டு.”

யோகமலர் அவளை விளங்காமல் பார்த்தார். “அவள் என்ன சொல்லப்போறாள்? அவள் நல்ல புள்ள.”

நல்ல பிள்ளை! நம் மொழியில் இதைவிடக் கொடுமையான பட்டம் ஏதாவது உண்டா? அடிக்காமலே ஒரு பெண்ணைக் குனிய வைக்கிற பட்டம் இது. மகன் தவறு செய்தால் அது வயதின் கோளாறு. மகள் அதைச் சுமந்தால் அது குணம். சுமக்க மறுத்தால் அவள் வாய்க்காரி. யோகமலர் கெட்டவர் அல்ல. மகளிடம் பாசம் இல்லாதவரும் அல்ல. பயந்த மனுஷி. பயம் வரும்போது எதை முதலில் கொடுக்கலாம் என்று அவருக்கு யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோயிலில் யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொன்னால் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்வோம். சட்டம் தெரிந்தவரிடம் போவதற்கு வெட்கப்படுவோம்.

“அவவுக்கு ஏன் சைக்கிள் ஓடத் தெரியாது?” என்று ஜென்சி கேட்டாள். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவளுக்கே தோன்றியது.

“பொம்புளப் புள்ள விழுந்து எழும்பி முகத்தில காயம் பட்டா? இவனுக்குத்தான் வந்தவுடனே வாங்கிக் குடுத்தனாங்கள்.”

டிலான் கார்த் திறப்புக் கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். “தங்கச்சி, சில்லுக்குக் காசு எவ்வளவெண்டாலும் நான் தாறன்.”

“ஆரும் காசு கேக்கேல்லை அண்ணா. எடுத்தவரே கொண்டுவந்து தர வேணும் எண்டுதான் அந்த மதாம் கேட்டவ.”

திறப்புச் சுழல்வது நின்றது.

ஜென்சிக்கு இரண்டு வழிகள் சுலபமாகத் தெரிந்தன. பேசாமல் முடிவை எழுதி முடிக்கலாம். அப்போது கோப்பு மூடும். செய்யாத களவு ஒன்று தனுஷிகாவுக்குள் வாழ்நாள் முழுவதும் திறந்தே கிடக்கும். அல்லது சில்வியிடம் போய்க் கேட்டதைச் சொல்லிவிடலாம். அப்போது தனுஷிகாவின் வாயை இன்னொரு முறை இன்னொருவர் எடுத்துக்கொண்டதாகும். தாய் அவளுக்காகப் பொய் சொன்னார். ஜென்சி அவளுக்காக உண்மை சொல்வாள். அவள் மட்டும் கடைசிவரை ஒன்றும் சொல்ல மாட்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் ஜென்சி பிரெஞ்சில் சொன்னாள்: “இந்த அறையில் எனக்கு மட்டும் விளங்கிய ஒரு பேச்சை நான் கேட்டேன். அதைச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால், கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்கப்போகிறேன்.”

“ஜென்சி,” என்றார் சில்வி எச்சரிக்கையாக.

“தனுஷிகா, சைக்கிளை எடுத்தது நீயா?” பிறகு அதையே தமிழில் கேட்டாள், தாய்க்கும் விளங்கட்டும் என்று. “அம்மாவைப் பாக்காதேங்கோ. என்னையும் பாக்க வேண்டாம். என்ன சொன்னாலும் நான் உங்களோட கோவிக்க மாட்டன்.”

பக்கத்து அறையில் குத்துச்சண்டைப் பயிற்சி. மூட்டையில் கை விழும் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தனுஷிகா மதாம் ரோஸ்லீனின் சப்பாத்துகளைப் பார்த்தாள். கோடை முழுவதும் நடந்த சப்பாத்துகள், ஒரு பக்கம் தேய்ந்தவை. அவற்றைப் பார்த்தபடியே சொன்னாள்:

“இல்லை.”

யோகமலர் “ஐயோ மனே!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். தனுஷிகா யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் மதாம் ரோஸ்லீன் திரும்பி, திறந்திருந்த கதவில் நின்ற உயரமான பையனைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்தான்.

சில்வி கூட்டத்தை நிறுத்தினார். ஒப்புதல் இல்லாத கோப்பு வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். எல்லோரும் போன பிறகு அவர் ஜென்சியோடு நாற்காலிகளை அடுக்கியபடி சொன்னார்: “இன்று உன் கேள்வி ஒருத்தியைக் காப்பாற்றியது. நாளைக்கு, உண்மையில் செய்த ஒருத்தி வருவாள். வெட்கம் தாங்காமல் தவிக்கிறவள். அதே கேள்வியைக் கேட்டால் அவள் ‘இல்லை’ என்ற கதவால் ஓடிவிடுவாள். பிறகு அவளுக்கு நீதிமன்றம்தான். அந்த விதி அவளுக்காக இருக்கிறது.” அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜென்சி வட்டத்தை நடத்தக் கூடாது, உட்கார்ந்து கேட்கலாம் என்று தீர்மானமானது.

சில்வி சொன்னது சரி என்று ஜென்சிக்குத் தெரிந்தது. மறுபடி அந்த இடத்தில் இருந்தால் மறுபடி கேட்பேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று பஸ்ஸில் பல நாள் யோசித்தாள். விதிகள் நல்லவையாக இருக்கலாம். ஆனால், வீட்டுக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறவர்களை எந்த விதியும் எதிர்பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மூத்த நீதிமன்றம் நம் குசினிச் சாப்பாட்டு மேசை. அங்கே எதிரிக்கூண்டில் நிற்பவருக்கு வழக்கறிஞர் கிடையாது, மேன்முறையீடும் கிடையாது.

கதை ஒரு கிழமைக்குள் பரவியது. தமிழ்க் கடையில் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே யோகமலர் ஜென்சியை மறித்தார். “உன்னைத் தமிழ்ப் புள்ள எண்டு நினைச்சனே! காட்டிக் குடுத்திட்டியே!”

“நான் ஆரையும் காட்டிக் குடுக்கேல்லை அன்ரி. உங்கட மகளை ஒரு கேள்வி கேட்டனான். நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி.”

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், “அந்தக் கடையில இனி மீன் வாங்கேலாது எண்டு சொல்லுறாய்,” என்றார். ஜென்சி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: “அந்தப் பிள்ளை இப்ப எப்பிடி இருக்காம்?” வட்டத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான்.

டிலான் ஒக்டோபரில் தானாகப் போனான். முதலில் இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்துக்கு, பிறகு அங்கிருந்த ஒருவரோடு பொலிஸுக்கு. ஏன் போனான் என்று ஜென்சிக்குத் தெரியாது. தங்கை அவனோடு பேசாமல் இருந்தாளா, மதாமின் பார்வை வேலை செய்ததா, பயம் சலித்துப் போனதா? முதல்முறை செய்த சின்னக் குற்றத்துக்கு, பதினெட்டு தாண்டியவர்களுக்கும் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு வழி கேட்டுப் பார்க்கலாம் என்று ஆலோசனை நிலையத்தில் சொன்னார்களாம். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு மணி நேரம் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் விஷயம். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கோடை முழுவதும் கள்ளியாக இருந்தாள். முதற்பனி விழுமுன் மதாம் ரோஸ்லீனின் சைக்கிள் அவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடிக்கொண்டு போனவன் டிலான்.

ஏப்ரல் கடைசி. பனி கரைந்து தெருவோரமெல்லாம் சேறு. ஜென்சி கல்லூரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரைப் பூங்காவுக்கு எதிரே பஸ் சிவப்பு விளக்கில் நின்றது. நடைபாதையில் ஒரு பழைய சைக்கிள், அளவுக்கு மிஞ்சி உயரமானது. அதன் மேல் தனுஷிகா. முழங்காலில் சேறு, முகத்தில் கோபமும் சிரிப்பும். பின்னால் டிலான் இருக்கையைப் பிடித்தபடி குனிந்து ஓடிக்கொண்டிருந்தான்.

“விடாத அண்ணா! விட்டிட்டியா? விட்டிட்டியா?”

“விடேல்லையடி, முன்னுக்குப் பார்!”

அவன் விட்டுவிட்டிருந்தான். விளக்கு பச்சையானது, பஸ் திரும்பியது. அவள் விழுந்தாளா இல்லையா என்று ஜென்சியால் பார்க்க முடியவில்லை. விழுந்திருந்தாலும் அது அவளுடைய சொந்த விழுகை.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ கராஜிலோ மகன் ஓடிவிட்டுப் போட்ட சைக்கிள் ஒன்று இருக்கும். இந்தச் சனிக்கிழமை அதை வெளியே எடுங்கள். காற்று அடித்து, இருக்கையைக் கீழே இறக்கி, மகளை ஏற்றிவிடுங்கள். முகத்தில் காயம் பட்டால் ஆறும். அடுத்தமுறை வீட்டில் ஏதாவது உடைந்தால், அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன், உடைத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.